சங்கரநாராயணரும் ஃப்ராய்டும்: ஒரு திருத்தம்

சங்கரன்கோவில்ல வளர்ந்தவன் நான். வலப்பாதி சிவன், இடப்பாதி விஷ்ணு, ஒரே உடம்பு. ஃப்ராய்டைப் புதுசா படிச்ச காலத்தில், “அப்பா மேல் உள்ள அன்பும் பகையும் இரு பாதியாக நிற்கின்றன, ஈடிபஸ் சிக்கல்” என்று நோட்டில் எழுதி வைத்தேன். இப்போ அதை அடித்துவிட்டேன்.

காரணம் ஃப்ராய்டின் முறைதான். கனவு கண்டவரையே, மனசில் தோன்றுவதையெல்லாம் தடையில்லாமல் சொல்ல வைத்துத்தான் அவர் கனவுக்குப் பொருள் தேடினார். சிவனா விஷ்ணுவா பெரியவர் என்று நாகர்கள் சங்கனும் பதுமனும் வாதாடிய கதையில் கனவு கண்டவர் யார்? யாரைப் பேச வைப்பது? என் மனசில் இருந்ததைச் சாமி மேல ஏத்தியிருக்கேன், அவ்வளவுதான்.

அப்போ ஃப்ராய்டே வேண்டாமா? வேணும், ஆனா கிரீந்திரசேகர் போஸ் கையாண்ட மாதிரி. 1922-ல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ஒவ்வொரு ஆசைக்கும் ஓர் எதிர் ஆசை உண்டு, அந்த மோதலில்தான் ஒன்று நனவிலிக்குள் அமுங்குகிறது என்றார். காயடிப்பு அச்சம் ஐரோப்பியரிடம் தெரியும் அளவுக்குத் தன் இந்திய நோயாளிகளிடம் தெளிவாக இல்லை என்று 1929-ல் ஃப்ராய்டுக்கே எழுதினார். ஃப்ராய்டு அதை முழுசா ஏத்துக்கலை. கடிதப் போக்குவரத்து மட்டும் தொடர்ந்தது.

போஸ் சொன்னது சரியா என்பது தனி விவாதம். நோயாளிகள் பேசியதைக் கேட்ட பிறகே அவர் மறுத்தார். நான் யாரையும் கேட்கவே இல்லை. இந்த ஆடித்தபசுக்கு ஊருக்குப் போறேன். முதலில் கேட்டுட்டு, அப்புறம் எழுதுறேன்.