சீயோனின் புலம்பலும் அரங்கின் ஆரவாரமும்: நேப்பிள்ஸ் ‘நபுக்கோ’ ஒலிப்பதிவு

இத்தாலிய இசைநாடகம் நம் வாசகரிற் பலருக்கு அறிமுகமானதொன்றன்று. ஆலயப் பாடற்குழுவிற் பாடிப் பழகியோர் ஹாண்டெலின் ‘மேசியா’வை அறிவர், அதற்கப்பால் மேலைநாட்டு மேடையிசை நமக்கு எட்டாதவொன்றாகவே இருந்து வந்துள்ளது. எனினும் பாபிலோனிய சிறையிருப்பைப் பொருளாகக் கொண்ட ஓர் இசைநாடகம் 137ஆம் சங்கீதத்தை ஒரு நாட்டு மக்களின் நாவிற் பதித்துவிட்டதெனின், திருமறை மாணாக்கராகிய நாம் அதனைக் கேளாதிருத்தல் முறையன்று. ஜுஸெப்பே வெர்டி இயற்றிய ‘நபுக்கோ’வே அது. நாம் நேபுகாத்நேச்சார் என்றழைக்கும் அரசனின் பெயரையே இத்தாலியர் இவ்வாறு சுருக்கி வழங்குகின்றனர்.

நாம் இங்கு ஆராயப் புகுவது 1949ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரத்து சான் கார்லோ அரங்கில் நடந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவாகும். இசையை நடத்தியவர் விட்டோரியோ குயி. அரசனாகப் பாடியவர் ஜீனோ பெக்கி. அபிகாயிலே என்னும் பாத்திரத்தை ஏற்றவர் மரியா காலாஸ். அவருக்கு அப்பொழுது வயது 26. அந்தப் பருவத்து நேப்பிள்ஸ் நிகழ்ச்சிகளுக்குப்பின் இப்பாத்திரத்தை அவர் மேடையில் மீண்டும் முழுமையாக ஏற்றிலர். ஆகவே ஒலித்தரம் மிகத் தாழ்ந்ததாயினும் இப்பதிவு அழியாது காக்கப்பட்டு வருகிறது. இரைச்சலுக்கும் கரகரப்பிற்கும் காதைப் பழக்கிக்கொள்ளாதவர் முதற் பத்து நிமிடங்களைக் கடத்தல் அரிது. நாமும் முதன்முறை கேட்டபொழுது இடையில் நிறுத்திவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

‘நபுக்கோ’ 1842ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் மிலான் நகரத்து லா ஸ்காலாவில் அரங்கேறியது. உரைப்பாடலை எழுதியவர் தெமிஸ்தோக்ளே சொலேரா. நான்கு பாகங்களுக்கும் எரேமியாவின் நூலையொட்டிய தலைப்புரைகள் அமைந்துள்ளன. ஆயினும் திருமறையை அறிந்தவர் இந்நாடகத்தில் தானியேலைத் தேடினால் ஏமாற்றமடைவர். சக்கரியா என்னும் பிரதான ஆசாரியன் கற்பனைப் பாத்திரம். சிறையிருப்பிற்குப் பின்வந்த தீர்க்கதரிசியோடு அவனை மயங்கக் கூடாது. அடிமைகளுக்குப் பிறந்தும் அரசன் மகளென எண்ணி வளர்ந்த அபிகாயிலேயும் கற்பனையே. தானியேல் 4ஆம் அதிகாரத்தில் அரசன் ஏழு காலங்கள் புல்லை மேய்ந்து, தன் கண்களை வானத்திற்கு உயர்த்திய பின்னரே புத்தி தெளிகிறான். நாடகத்திலோ இடி ஒன்று அவன் முடியைத் தட்டிவிடுகிறது. தன் மகள் ஃபெனேனா கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்படுவதைக் கண்டபின்பு அவன் யூதாவின் தேவனை நோக்கி முழந்தாளிடுகிறான். பெருமை தாழ்த்தப்படுதல் என்னும் கருத்து இங்கே தந்தைப் பாசமாக உருமாறிவிட்டது. மேடைக்கு இது உதவும். ஆனால் தானியேலின் கூர்மை மழுங்கிப்போயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

காலாஸின் பாட்டைப்பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் தன் பிறப்பின் உண்மையை அறிந்த அபிகாயிலேயின் குரல் உச்சியினின்று இரு ஸ்தாயிகள் கீழே ஒரே பாய்ச்சலில் விழவேண்டும். பலர் இதனை வித்தையாகச் செய்து காட்டுவர். காலாஸிடம் அது ஒருத்தி தன்னைத்தானே கீழே தள்ளிக்கொள்வதாக ஒலிக்கிறது. அதனையடுத்து, தானும் ஒருகால் அன்பை அறிந்திருந்ததை நினைவுகூரும் பாடலில் அதே குரல் இழையாக மெலிகிறது. கொடியவளையும் இரங்கத்தக்கவளாக்கும் இவ்விடத்தில் பதிவின் இரைச்சலை நாம் மறந்தேபோனோம். மூன்றாம் பாகத்து இருவர் பாடலின் முடிவில் வெர்டி எழுதாத மிக உயர்ந்த ஸ்வரமொன்றை அவர் சேர்த்துப் பாடுகிறார். அரங்கம் அதிர்கிறது, நமக்கோ அது வேண்டாததென்று தோன்றிற்று. பெக்கியின் குரல் பெரிது. சிலவிடங்களிற் பாட்டினும் முழக்கமே மிகுதி.

இனி நாம் சொல்ல விரும்பும் பொருளுக்கு வருவோம். மூன்றாம் பாகத்தில், ஐபிராத்து நதிக்கரையில் விலங்கிடப்பட்ட எபிரெயர், தம் நினைவைப் பொற்சிறகுகளில் தாய்நாட்டிற்கு அனுப்பிப் பாடுகின்றனர். 137ஆம் சங்கீதத்தின் அலரிச்செடிகளும் தூங்கும் கின்னரமும் இதில் இடம்பெறுகின்றன. பாடல் பெரும்பாலும் ஒரே சுரவரிசையில் அனைவரும் சேர்ந்து பாடுவதாக அமைந்துள்ளது. நாற்குரல் இசைக்குப் பழகாத நம் சபையாருக்கும் இது உடனே பிடிபடும். தாழ்ந்த குரலில் தொடங்கி, கின்னரத்தை விளிக்குமிடத்தில் ஓங்கி வெடித்து, கேட்கக் கேட்கத் தேய்ந்து முடிகிறது. நேப்பிள்ஸ் அரங்கு அத்தேய்வைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கூக்குரலெழுப்பிப் பாடலை மீண்டும் பாடவைக்கிறது.

இதனை நாம் இகழ்தற்கில்லை. போரில் வான்குண்டுகளால் மிகக் கொடிதாகத் தாக்குண்ட நகரம் நேப்பிள்ஸ். இழந்த நாட்டைப் பற்றிய பாட்டு அம்மக்களுக்குப் பழங்கதையன்று. நம் தமிழ் மேடையும் ‘ஒன்ஸ்மோர்’ என்னும் கூவலை நன்கறியும். வள்ளி தினைப்புனத்திற் பறவையோட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப்பற்றிப் பாடி வெள்ளையராட்சியைச் சாடிய விசுவநாததாஸின் பாட்டுக்காகவே கூட்டம் கூடியது. அவர் பலமுறை சிறைப்பட்டு, 1940இல் சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர்நீத்தார். புராணக் கதையினுள் மக்கள் தம் துயரைக் கேட்டனர். நேப்பிள்ஸில் நடந்ததும் அதுவே.

ஆனால் விசுவநாததாஸின் பாட்டை மீண்டும் பாடுவதால் வள்ளியின் கதைக்கு ஊறொன்றும் நேரவில்லை. இங்கே நேருகிறது. ஏனெனில் எபிரெயரின் பாடல் தேய்ந்தடங்கியவுடனே சக்கரியா எழுந்து, அழுகிறவர்களைக் கடிந்துகொள்ள வேண்டும். பாபிலோனில் கல்லின்மேற் கல் இராதென்றும், எலும்புகளினூடே பாம்புகள் ஊருமென்றும் அவன் முன்னறிவிக்கிறான். சொலேரா முதலில் அவ்விடத்திற் காதலர் இருவரின் பாடலொன்றை எழுதியிருந்ததாகவும், அது கதையின் வேதாகமப் பெருமிதத்தைக் குறைக்கிறதென்று தாம் மறுத்து, தீர்க்கதரிசனம் எழுதித்தருமளவும் அவரை அறைக்குள் வைத்துப் பூட்டியதாகவும் வெர்டி பிற்காலத்தில் கூறியுள்ளார். கதையிற் சற்று மெருகேறியிருக்கலாம். ஆயினும் புலம்பலும் கண்டனமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கவேண்டும் என்பதே அவர் கருத்தென்பதில் ஐயமில்லை.

மேலும், 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனங்கள் நாம் ஆராதனையில் வாசிக்கக் கூசுகின்ற வசனங்கள் ஆகும். பாபிலோனின் குழந்தைகளைக் குறித்த அச்சாபத்தைக் குழுப்பாடலினின்று சொலேரா நீக்கிவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். அவர் நீக்கவில்லை. குழந்தைகளை விட்டு நகரின் மதில்கள்மேல் அதைத் திருப்பி, எரேமியா 50ஆம் அதிகாரத்தின் காட்டுமிருகங்களை அங்கே குடியேற்றிச் சக்கரியாவின் வாயில் வைத்தார். குழுப்பாடலை மட்டும் கேட்டுக் கைதட்டுகிறவர் இனிய ஏக்கத்தைப் பெற்றுக்கொண்டு சாபத்தை விட்டுவிடுகிறார். சங்கீதத்தைப் பாதியில் நிறுத்துகிறார். சக்கரியாவாகப் பாடுகிறவர் நேப்பிள்ஸில் எழும்பும்போது அவர் கடிந்துகொள்வது அழுகிற அடிமைகளையல்ல, மகிழ்ந்து களைத்த அரங்கை என்றே நமக்குத் தோன்றிற்று.

1842இல் அரங்கேற்ற இரவிலேயே இப்பாடல் ஆஸ்திரிய ஆட்சிக்கெதிரான முழக்கமாக மாறி மீண்டும் பாடப்பட்டதெனப் பல நூல்கள் கூறிவந்தன. இதற்குச் சான்றில்லை எனவும், அன்று மீண்டும் பாடப்பட்டது யேகோவாவைத் துதிக்கும் இறுதிப் பாடலே எனவும் ரோஜர் பார்க்கர் என்னும் ஆய்வாளர் காட்டியுள்ளார். பிற்கால நாட்டுப்பற்று முற்காலத்து இரவொன்றை மாற்றி எழுதிக்கொண்டது. இத்தாலி ஒன்றுபட்டதன் 150ஆம் ஆண்டு நினைவில், 2011 மார்ச் 12ஆம் நாள் ரோமாபுரியில் ரிக்கார்தோ மூத்தி இதனை நடத்தினார். பாடல் முடிந்ததும் ‘இத்தாலி வாழ்க’ என்றொரு குரல் எழ, அவர் திரும்பி நின்று, கலைக்கான நிதி குறைக்கப்படுவதைக் கண்டித்துப் பேசி, அவையோரையும் எழுந்து பாடச் செய்தார். அக்காட்சியைப் பதிவிற் கண்டோம். பாடகர் சிலரின் கண்கள் கலங்கியிருந்தன. நேர்மையான சொற்களே. எனினும் தன் நாட்டிலிருந்து, தன் மொழியில், தன் அரசை நோக்கிப் பாடுகிறவனின் பாட்டு சிறையிருப்பின் பாட்டாகுமா என்னும் கேள்வி நம்மை விடவில்லை.

இவ்வொலிப்பதிவை நாம் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆயரின் இல்லத்தில், நண்பர் சிலரோடு மூன்று மாலைப்பொழுதுகளிற் கேட்டோம். அவ்வூரில் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 2021இல் அரசு அதன் பெயரிலிருந்த ‘அகதிகள்’ என்னும் சொல்லை எடுத்து ‘மறுவாழ்வு’ என மாற்றிற்று. சுற்றிலுமுள்ள ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். சிறையிருந்தோருக்கு எரேமியா எழுதிய நிருபம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரின் சமாதானத்திற்காக வேண்டிக்கொள்ளுங்கள் எனும் கருத்தினது. சக்கரியாவின் தீர்க்கதரிசனத்தில் இக்குரலுக்கு இடமில்லை. நாடகத்தின் பெருங்குறை இதுவென்போம்.

முகாமிலிருந்து வந்திருந்த முதியவரொருவர் மூன்றாம் மாலையில் பாடலின் பொருளை நம்மிடம் கேட்டறிந்தார். “இது ஊருக்குத் திரும்பிப் போற பாட்டோ, போகேலாத பாட்டோ?” என்றார். நம்மில் ஒருவரும் உடனே மறுமொழி கூறவில்லை. சக்கரியாவின் தீர்க்கதரிசனம் முடியுமட்டும் அவர் அசையாதிருந்து கேட்டார். பின்பு குழுப்பாடலை இன்னுமொருமுறை போடச் சொன்னார், போட்டோம்.