ஒப்பந்தம் முடிந்த மறுநாள்

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்காக அரசும் தொழில் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் கைகோக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்தக் கூட்டை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் தெளிவில்லை. வழங்கப்பட்ட சக்கர நாற்காலிகளை எண்ணினால் எல்லாக் கூட்டும் வெற்றிதான். ஒப்பந்தம் முடிந்த மறுநாளும் குழந்தைக்குப் பாடம் நடக்குமா என்று கேட்டுப் பார்த்தால் பல கூட்டுகள் தேறுவதில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்குச் சாட்சியங்கள் உண்டு. பூந்தமல்லியில் மாநில அரசின் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் 1988 முதல் அதே ஊரில் இயங்குகிறது. ஒன்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. மற்றொன்று அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. இரண்டும் எந்த நன்கொடையாளரின் மனநிலையையும் நம்பி நிற்பவை அல்ல. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் குறைபாடுகள் 21. ஆவடியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அம்பத்தூரில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கும் இந்த நிலைபேறு வாய்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கூட்டுகள் நுழைகின்றன.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை முதலில் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சிறப்புக் கல்வியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இது பெரிய வாய்ப்பு. ஆனால் நிகர லாபம் 5 கோடி ரூபாயையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டிய நிறுவனங்களுக்கே இந்தக் கடமை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் இதற்குள் வருவதில்லை. தொடர்திட்டம் ஒன்றுக்கு விதி தரும் காலமோ, தொடங்கிய ஆண்டு நீங்கலாக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. பன்னிரண்டு ஆண்டு உரிமையை மூன்று ஆண்டு நிதி தாங்காது. நிதியைப் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் போகலாம்.

அப்படியானால் தனியார் முயற்சியே வேண்டாமா? அது நன்றி மறந்த பேச்சு. 1981இல் ஆய்க்குடியில் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கமும், 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று வித்யாசாகர் எனப்படும் அமைப்பும் வழிகாட்டியிராவிட்டால், அரசு இன்று செய்வதில் பலவற்றுக்கு முன்மாதிரியே இருந்திருக்காது. புது முறையைக் கண்டுபிடிப்பதில் தொண்டு அமைப்புகளுக்கு ஈடில்லை. அதை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுசேர்க்கும் வலு அவற்றுக்கு இல்லை.

அந்த வலு உள்ள அரசும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு உத்தரவையடுத்து மத்திய அரசு 2022இல் வகுத்தது. வட்டார வள மையச் சிறப்பாசிரியர்களோ தொகுப்பூதியத்தில் உழைத்தபடி பணிநிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமே மத்திய, மாநில அரசுகளின் கூட்டுதான். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டம் குறித்துத் தமிழ்நாட்டுடன் எழுந்த பிணக்கால் 2024-25இல் மத்திய அரசு தன் பங்கைத் தராமல் நிறுத்தியபோது அந்தக் கூட்டும் நம் தேர்வில் தோற்றது.

ஆகவே தீர்ப்பு இது: கூட்டு தேவை, அது அரசின் கடமைக்கு மாற்றாக முடியாது. சிறப்பாசிரியர், இயன்முறை சிகிச்சையாளர் பணியிடங்கள் நிரந்தரமாக, அரசின் கணக்கில் இருக்க வேண்டும். வாகனம், கருவிகள், கூடுதல் சிகிச்சை நேரம் ஆகியவற்றுக்கு நிறுவனங்களின் பணம் வரட்டும். பயிற்சியும் புதிய முறைகளும் தொண்டு அமைப்புகளிடமிருந்து வரட்டும். இந்தப் பிரிவினை எழுத்தில் இல்லாத எந்த ஒப்பந்தத்திலும், எத்தனை கோடி வந்தாலும், பள்ளிக் கல்வித் துறை கையெழுத்திடக் கூடாது.