அடி சுரண்டும் கை

வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பிக் கடல் முரடானதும் முல்லைத்தீவுக் கரையில் படகுகள் மேலேறிவிடும். அன்றன்றே மணலில் இழுத்தேற்றும் படகின் அடி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளில் நாள்கணக்காகத் தண்ணீரிலேயே கிடந்த படகைக் கவிழ்த்துப் பாருங்கள்: பாசி, சிப்பி, கொட்டலசு. இவை ஒட்டினால் ஓட்டம் குறையும், மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவாகும்.

புதுப் பூச்சுக்கு முந்திய சுரண்டல் வேலைதான் எனக்குப் பெரிய விஷயம். கொட்டலசை ஈரம் காயுமுன் எடுக்க வேண்டும். தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் ஓடு நொறுங்கும். அடிவட்டம் மட்டும் வெள்ளைப் பொட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையும் விடக்கூடாது. அவசரப்பட்டுத் தகட்டின் மூலையால் குத்தினாலோ, கண்ணாடியிழையின் மேற்பூச்சு பெயர்ந்து நீர் உள்ளே இறங்கும். எவ்வளவு அழுத்துவது என்பதைக் கைதான் அறியும். பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காயவிட்டு, சான்ட் பேப்பரால் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தப்பிய மேடு உள்ளங்கைக்குத் தப்பாது.

மர வள்ளங்களுக்குச் சுறா எண்ணெய் பூசினார்கள். இன்றைய பூச்சுகள் பலவற்றில் உயிரிகளை அண்டவிடாதது செப்பு ஒட்சைட்டு. சிப்பிகளையும் கடல் நத்தைகளையும் பாழாக்கிய டிரைபியூட்டைல் தகரப் பூச்சை, 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை தடைசெய்தது. செம்பும் நஞ்சுதான். பழைய பூச்சை நனைத்தே தேயுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், கீழே படங்கு விரித்துக் கழிவை அள்ளுங்கள். இறால் வளரும் களப்பில் அது கலக்க வேண்டாம்.