தலையில் கல் சுமக்கும் பஞ்சாரம்

ராசிங்காபுரத்துத் தோட்டங்களுக்கு மேற்கே ஏலமலைச் சரிவு. இருட்டினால் நரி, காட்டுப்பூனை, மரநாய்; பகலில் கீரியும் பருந்தும். இத்தனை பேரிடமிருந்தும் கோழியைக் காக்க நம்மிடம் உள்ள பழைய கருவி, மூங்கில் சிம்பில் பின்னிய பஞ்சாரம். அதற்கு அடிப்பாகமே கிடையாது. அதுதான் அதன் அழகு. கவிழ்த்தால் வீடு, தூக்கினால் வாசல். காற்று நுழையும், எச்சம் மண்ணோடு போகும், நாளைக்கு வேறிடத்தில் கவிழ்த்துக்கொள்ளலாம். பருந்துக்கும் காக்கைக்கும் இது போதும்.

நரிக்குப் போதாது. முட்டிக் கவிழ்க்கும், இல்லையென்றால் அடியில் பறிக்கும். அதனால்தான் தலையில் ஒரு கல்லை ஏற்றி, வீட்டுச் சுவரை ஒட்டிப் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பது. தோட்டத்திலேயே கோழி அடைவதென்றால் கம்பி வலைதான். அதிலும் பலர் கோட்டை விடுவது தரைமட்டத்தில். வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி, அடிநுனியை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைக்க வேண்டும். நரி பெரும்பாலும் வேலியோரத்திலேதான் பறிக்கும்; கம்பி தட்டினால் விட்டுவிடும். (எல்லா நரியும் கதையில் வருகிற நரி அல்ல.)

விஷமும் வெடியும் வைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வயல் எலியைத் தின்பதும் அதே நரிதான். பொழுது சாயும்போது கோழிகளை எண்ணி அடையுங்கள்.