கூட்டத்தைப் பார்த்துப் பாடிய குரல்

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை இப்போது மேடையில் எடுப்பவர்கள் முதலில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். குரல் தழுதழுக்கிறது, அடியின் கடைசி எழுத்து நடுங்குகிறது, எக்கோ அதை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. இதைப் பாடிப் பிரபலமாக்கிய நாகூர் ஹனிபாவிடம் இந்த அழுகை எங்கே இருந்தது? அது ஆண்டவனிடம் முறையிடும் பாட்டே இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்து, போய்க் கேளுங்கள், கிடைக்கும் என்று அடித்துச் சொல்கிற பாட்டு. சொல்கிறவர் குரலில் துளி சந்தேகம் தட்டினாலும் யார் நம்புவார்கள்?

பல்லவியின் முதல் அடியை அவர் முடிக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ‘கையேந்துங்கள்’ என்பதன் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே காதில் விழும். கடைசி ‘ள்’ தேய்ந்து மறையாது, ஊன்றி நிற்கும். குழைத்துப் பாட அங்கே எவ்வளவோ இடம் இருக்கிறது. அவர் குழைப்பதில்லை. இன்று பாடுகிறவர்கள் அந்த ஒரே இடத்தில் நாலைந்து சங்கதி போடுகிறார்கள், சொல் கரைந்துவிடுகிறது.

எங்கள் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் பல வீடுகளில் பேச்சு உருதுதான். முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கிலும் கவ்வாலியிலும் ஊறிய காதுகள். அந்த ரசிகர்களில் சிலர், ஹனிபாவிடம் நகாசு கிடையாது, நேராகப் பாடிவிட்டுப் போகிறார் என்பார்கள். நேராகப் பாடுவதுதானே கஷ்டம்! இஸ்லாமியப் பாட்டுகள் பாடும் தேரிழந்தூர் தாஜுதீனின் இனிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பாட்டுக்கு வேண்டியது இனிமை அல்ல, உறுதி.

சின்ன வயதில் தோல் கம்பெனிச் சுவரை ஒட்டிய தெருவில் இதைக் கேட்டேன். உள்ளே மர ட்ரம்கள் சுற்றும் இரைச்சல் ஓயாது. கல்யாண வீட்டில் ரேடியோசெட் கட்டியிருப்பார்கள். மற்ற பாட்டுகளில் மெட்டு மட்டும் வந்து சேரும், ஹனிபா பாடினால் சொல்லும் சேர்ந்து வரும். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த பெரியவர்கள்கூட வாசலில் உட்கார்ந்து கூடவே முணுமுணுப்பார்கள். பக்கத்து இந்து வீடுகளிலும் இந்தப் பாட்டின் கேசட் இருந்தது.

அந்தத் தொண்டையைப் பழக்கியது பொதுக்கூட்டம். ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’ என்ற தி.மு.க. பாட்டைப் பாடியவரும் அவர்தானே. திறந்தவெளியில் கடைசி வரிசை வரைக்கும் எட்டவேண்டும் என்ற கணக்கு பக்திப் பாட்டிலும் மாறவில்லை. 2002 இடைத்தேர்தலில் வாணியம்பாடியில் தி.மு.க. வேட்பாளராக நின்றபோது வயது எழுபத்தாறு. தோற்றுப்போனார். அவருக்கு ஓட்டுப் போடாத வீடுகளிலும் விசேஷம் என்றால் அவர் பாட்டுதான் முதலில்.

‘பாவ மன்னிப்பு’ படத்தில் (1961) டி.எம்.எஸ்ஸோடு அவர் பாடிய ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ இருக்கிறது. டி.எம்.எஸ். குரலின் கம்பீரம் தெரியாதவர் யார்? ஹனிபா நுழைந்ததும் அதன் பக்கத்தில் இன்னொரு தூண் எழும்புகிறது. ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை மறுபடி பாட நினைப்பவர்கள் முதலில் இந்தச் சினிமாப் பாட்டைக் கேட்கட்டும், எவ்வளவு நெஞ்சுரம் தேவை என்று தெரிந்துகொள்ள.

சமீபத்தில் ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பையன் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை ட்ராக் போட்டுப் பாடினான். சுருதி சுத்தம், நல்ல குரல். ஆனால் அடியின் நடுவில் மூச்சு வாங்கினான், ஒரு சரணத்தையே விட்டுவிட்டான். டிவிப் போட்டிகள் பழக்கிய அவசரம் அது. பல்லவியும் ஒரு சரணமும் போதும் என்று யார் முடிவு செய்தது? ஒவ்வொரு சரணமாக நம்பிக்கையை ஏற்றிக்கொண்டு போகிற பாட்டு, பாதியில் நிறுத்தினால் வெறும் அறிவிப்பாகிவிடும். அடுத்த விசேஷத்துக்கு யாரையாவது பாடக் கூப்பிட்டால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எக்கோ வேண்டாம், எல்லாச் சரணமும் வேண்டும், கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துப் பாடுங்கள் என்று.