கிண்ணம் வென்றால் படம் வெல்லுமா?

முத்தையா முரளிதரன் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தவர். அவருடைய வாழ்க்கையைச் சொன்ன '800' படம் 2023 ஒக்டோபர் 6 அன்று திரைக்கு வந்தது. வந்த சத்தமே தெரியாமல் போனது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 20 அன்று வந்த 'லப்பர் பந்து' படத்தில் நாட்டுக்காக ஆடுகிறவர் எவருமில்லை. ஊர்க் கழகங்கள் மோதிக்கொள்கிற போட்டிகள்தான். பெரிய நட்சத்திரம் கிடையாது, இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது முதற்படம். தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது.

வழமையாக ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் அலசுகிற இந்தப் பத்தி, இந்த முறை வசூலை அலசுகிறது. உலகச் சாதனை தோற்று ஊர்ப் போட்டி வென்றது எப்படி?

காங்கேசன்துறையில் இருந்து படம் பார்க்க வெளிக்கிட்டால் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தள்ளி யாழ்ப்பாண நகருக்குப் போகவேண்டும். பஸ் காசு, ரிக்கெற் காசு, இடைவேளையில் பிள்ளைகளுக்கு ரோல்ஸ், இரவில் திரும்பி வர வாகனம் என்று ஒரு குடும்பம் கணக்குப் பார்க்கும். அவர்களைக் கிளப்புவது விளம்பரமல்ல. முதல் நாளே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பொடியன் சொல்லும் வார்த்தைதான். அவன் "பரவாயில்லை" என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அவன் சொன்னால் படம் வென்றுவிட்டது.

முதல் மூன்று நாள் வசூல் பவர்பிளே மாதிரி. நட்சத்திரம் இருந்தால் அங்கே அடித்துவிடலாம். 2019 தீபாவளிக்கு வந்த விஜயின் 'பிகில்' அப்படித்தான் அடித்தது. பெண்கள் உதைபந்தாட்டம் என்பதற்காக முதற்காட்சிக்கு வரிசையில் நின்றவர்கள் மிகக் குறைவு. நட்சத்திரம் இல்லாத படம் நடு ஓவர்களில்தான் ஓட்டம் சேர்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் பல்திரை அரங்கின் ரிக்கெற்றுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்துவந்தது. விலையை ஏற்றிச் சம்பாதிக்க வழியில்லை. தலைகளைக் கூட்டித்தான் சம்பாதிக்கவேண்டும். ஆகவே இரண்டாவது சனி, ஞாயிறுதான் உண்மையான பரீட்சை.

விளையாட்டுப் படம் ஓடாததற்குப் பலரும் சொல்லும் காரணம், 'முடிவு முன்கூட்டியே தெரியும்' என்பது. அது நிற்காத வாதம். 2010 கொமன்வெல்த் போட்டியில் கீதா போகாட் தங்கம் வென்றதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் 2016 இல் 'தங்கல்' இந்தியாவில் அள்ளியது. 2017 மே மாதம் சீனாவில் வெளியாகி, அங்கே மட்டும் 100 கோடி யுவானைத் தாண்டியது. கீதாவின் பெயரையே கேள்விப்படாத சீனத்துப் பெற்றோர், மகளைப் பிழிந்தெடுக்கும் தகப்பனைப் பார்த்ததும் தங்கள் வீட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அதே கணக்கில் '83' படத்தைப் பாருங்கள். 1983 உலகக் கிண்ணத்தில் சிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அடித்த 175 ஓட்டங்களுக்குக் காணொளியே இல்லை. அந்த ஆட்டத்தைப் படம் கண்முன்னே நிறுத்தியது. கிரிக்கெட் பைத்தியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இருந்தும் 2021 டிசெம்பர் 24 இல் வந்த அந்தப் படம் போட்ட காசை எடுக்கத் திணறியது. கொரோனாவைக் காரணம் காட்டினார்கள். ஒரு வாரம் முன்னதாக வந்த 'புஷ்பா' அதே கொரோனாவுக்குள்தான் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. '83' இல் கிண்ணத்தைத் தவிர இழப்பதற்கு வேறெதுவும் இல்லை. கிண்ணம் கிடைக்கும் என்பதோ எல்லோருக்கும் தெரியும்.

இனி 'லப்பர் பந்து'. நடுவயதைத் தொட்ட கெத்து வீட்டுக்குத் தெரியாமல் மட்டை பிடிக்கிறவர். அவருடைய மனைவி யசோதா உழவு இயந்திரத்தை ஓட்டிவந்து ஆடுகளத்தையே உழுது தள்ளுகிறாள். அந்த ஒரு காட்சியில் இருபது வருடக் குடும்பக் கணக்கு வந்துவிடுகிறது. எதிரணிப் பந்துவீச்சாளன் அன்பு காதலிப்பது கெத்துவின் மகள் துர்காவை. ஆக, அன்பு வீசுகிற ஒவ்வொரு பந்திலும் ஒரு கல்யாணம் தொங்குகிறது. திறமை இருந்தும் சாதியால் உள்ளூர் அணியில் இடம் கிடைக்காதவன் அவன் என்பது கதைக்கு அடியில் ஓடும் இன்னொரு கணக்கு. அதைப் பார்த்து எங்கள் பக்கத்திலும் சிலர் கதிரையில் நெளிந்திருப்பார்கள். கெத்து களமிறங்கும்போது ஒலிக்கும் விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டுக்கு அரங்கே எழும்பி ஆடியது. 2023 டிசெம்பரில் விஜயகாந்த் காலமான துக்கம் ஆறாத நேரம் அது.

'800' க்கு வேறு பாரமும் இருந்தது. நடிப்பதாக இருந்த விஜய் சேதுபதி, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2020 ஒக்டோபரில் விலகினார். மதுர் மிட்டல் நடித்தார். பவர்பிளே அங்கேயே போய்விட்டது. அரசியலால் போகாதவர்கள் போகவில்லை. அவர்களுடைய காரணம் அவர்களுக்கு. ஆனால் போனவர்களும் அடுத்தவரை அனுப்பவில்லையே, அதுதான் அலசவேண்டியது. 1977 கலவரத்தில் தாக்கப்படும் பிஸ்கட் தொழிற்சாலை, 1995 இல் மெல்பேணில் டரல் ஹெயர் கொடுத்த ஏழு 'நோ போல்' என்று முரளியின் கதையில் சரக்குக்குப் பஞ்சமில்லை. படமோ ஒரு நிகழ்ச்சியில் இருந்து அடுத்ததற்கு ஓடி, விக்கெட் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனது. ஏழாவது 'நோ போல்' கேட்ட இரவு கண்டி வீட்டில் தாய் தகப்பன் என்ன பேசியிருப்பார்கள் என்கிற இடத்தில்தான் இரண்டாவது வாரத்து ரிக்கெற் இருந்தது.

பழைய படங்களும் இந்தச் சோதனையில் தேறும். 2018 இன் 'கனா' வில் மகள் பந்து வீச, அப்பாவின் வயலும் வீடும் கடனில் போகின்றன. 2004 இன் 'கில்லி' யில் நடுவில் கபடியே இல்லை; முத்துப்பாண்டியிடம் இருந்து தனலட்சுமியைக் காப்பாற்றும் ஓட்டம்தான். இருபது வருடம் கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி வெளியிட்டபோதும் அரங்குகள் நிறைந்தன. 2007 இன் 'சென்னை 600028' இல் நாயகர்கள் பள்ளிக்கூடப் பொடியன்களிடமே தோற்கிறார்கள். தோல்வி வசூலைக் கெடுக்கவில்லை.

வடக்கில் இப்போது கமராவும் கையுமாக நிறையப் பேர் நிற்கிறார்கள். மென்பந்துச் சுற்றுப்போட்டிகளுக்கும் குறைவில்லை. 1990 இல் இடம்பெயர்ந்து, வேற்றூர் மைதானத்தில் தங்கள் ஊர்ப்பெயரைச் சுமந்து ஆடிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. கதைக்கு அலையவேண்டியதில்லை. கடைசி ஓவரில் எத்தனை ஓட்டம் தேவை என்று எழுதத் தொடங்கும் முன், அவன் ஆடுவதால் வீட்டில் யாருக்குக் கோபம் என்று எழுதிப் பாருங்கள். அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்தப் போட்டியை நேரலையில் காட்டினால் போதும், படம் எடுக்கவேண்டாம்.