பையன் என்பது வயசா?

ஐம்பதைத் தாண்டிய எங்க தாத்தாவைப் பண்ணைவீட்டு ஏழு வயசுப் பையன் 'ஏண்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா' என்று கேட்பான். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும். 'ஆச்சுங்க சின்னய்யா' என்பார் தாத்தா. பக்கத்தில் நின்ற எனக்கும் ஏழு வயசுதான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைமை குறித்து நம் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் காட்சி குறுக்கே வந்து நிற்கிறது.

பேச்சு பெரும்பாலும் பிலிப் ஆரியேயிலிருந்து தொடங்கும். குழந்தைப்பருவம் இயற்கை தந்ததல்ல, ஐரோப்பாவில் பள்ளியும் குடும்பமும் சேர்ந்து கட்டமைத்த கருத்தாக்கம் என்றது 1960இல் வந்த அவருடைய பிரெஞ்சு நூல். பின்வந்த வரலாற்றாளர்கள் அதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் அதை அப்படியே இங்கே இறக்கி, 'நம்மிடமும் குழந்தைமை கிடையாது' என்று முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் பிள்ளைத்தமிழை என்ன செய்வது? காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று மாதக் கணக்கில் பத்துப் பருவம் பிரித்த மரபாயிற்றே. அந்தப் பருவங்களில் தவழ்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. தெய்வம் தவழலாம், அரசர் தவழலாம், சமயப் பெரியார் தவழலாம். களத்துமேட்டுத் தூளியில் கிடந்த பிள்ளைக்குச் செங்கீரை இல்லை. பெண்பிள்ளை கதை இன்னும் மோசம்: பேதை என்று பெயரிட்டு, ஐந்து வயசிலேயே, பவனி வரும் ஆணைப் பார்க்கத் தெருவில் நிறுத்திவிடுகிறது உலா. ஆக, இங்கே குழந்தைமை இல்லாமல் இல்லை. ரேஷன் மாதிரி, கார்டு பார்த்துக் கொடுக்கப்பட்டது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலமாக மறுக்கப்பட்ட குழந்தைமை, அதே ஆட்களின் மேல் தகுதிநிலையாகச் சுமத்தப்பட்டது. தாத்தாவுக்கு விளையாட ஒரு வயசு கிடைக்கவில்லை. சாகும்வரை 'டா' கிடைத்தது. டீக்கடையில் நாற்பது வயசு ஆளும் 'பையன்'தான். அதட்டலாம், அடிக்கலாம், அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை. 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று பண்ணையார் பாசமாகச் சொல்வதில் எனக்கு எப்போதும் பயம்தான். பிள்ளை மாதிரி இருப்பவருக்குக் கூலி பேசும் உரிமை ஏது?

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை (2000) நான் இப்படித்தான் வாசித்தேன். ஆடு மேய்க்கும் கூளையனுக்கும் பண்ணையார் மகன் செல்வனுக்கும் மேய்ச்சல் காட்டில் விளையாட்டு பொதுவாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் வயசு பொதுவில்லை. செல்வன் வளர்ந்தால் பண்ணையார். கூளையன் வளர்ந்தால் இன்னும் கொஞ்சம் உயரமான பையன், அவ்வளவே.

சட்டம் இதை மாற்றிவிட்டது என்பார்கள். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளியை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாம் எதிர்த்தோம். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்கிறது. நல்லது. அடுத்த மூச்சிலேயே, அபாயகரமானவை தவிர்த்த குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில், 'உதவலாம்' என்கிறது. குடும்பம் என்றால் தாய் தகப்பன் மட்டுமில்லை. சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி வரை விரிகிறது அதன் விளக்கம். 1953க்கு அப்போது எழுந்த கூச்சல் 2016க்கு ஏன் எழவில்லை என்று தோழர்கள் யோசித்துப் பார்க்கலாம். வக்கீல் மகன் கோடை விடுமுறையில் அப்பாவின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதற்காகவா இந்த விதிவிலக்கு?